இல்லத்திற்கு ஏற்ற தூதன்: நம்பகமான கம்பியில்லாத் திசைவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் தூது தனியிடம் பெற்ற துறையாகும். அன்னத்தையும் கிளியையும் முகிலையும் நெஞ்சையும் தூதாக விடுத்த புலவர் மரபு, தமிழையே தூதாக விடுக்கும் தமிழ்விடு தூது வரை வளர்ந்து, சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாக நிலைபெற்றது. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூதுரைப்பவனின் இலக்கணத்தை வகுத்துரைக்கிறது. அதற்கு உரை வரைந்த பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்துவார். இவர்களுள் இரண்டாமவனிடம் நாம் எதிர்பார்ப்பது நாவன்மை அன்று. செய்தியை மாற்றாமலும், காலந் தாழ்த்தாமலும், உரியவரிடத்தே சேர்ப்பிக்கும் நம்பகத்தன்மையேயாகும்.

இன்று நம் இல்லங்களில் அத்தகைய கூறியது கூறும் தூதன் ஒருவன் வந்து அமர்ந்திருக்கிறான். ரவுட்டர் என வழங்கும் திசைவியே அவன். அவனைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட வேக எண்ணையே நோக்குகிறோம். வேகத்தை விட நம்பகத்தையும், கருவியை விட அது இயங்கவிருக்கும் வீட்டையும் முதலில் ஆராய வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவையின் வளர்ச்சி

தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த கந்தர்வக்கோட்டை ஒரு வட்டத் தலைநகர். முந்திரியும் நிலக்கடலையும் விளையும் செம்மண் பூமி. இத்தகைய ஊர்களில் வீட்டு இணையம் என்பது ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. 2020 மார்ச் மாத இறுதியில் தொடங்கிய பொதுமுடக்கம் அந்நிலையை அடியோடு மாற்றியது. வகுப்பறை வீட்டிற்குள் வந்தது. பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு, அரசுப் பணித் தேர்வாணைய விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, பட்டா மாறுதல் ஆகிய அனைத்தும் இணைய வழியே நடைபெறுகின்றன. 2001ஆம் ஆண்டு தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், அச்சில் கிடைத்தற்கரிய பழந்தமிழ்ப் பதிப்புகளை மாணவர் தம் வீட்டிலிருந்தே பயில முடிகிறது. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணிபுரியும் மக்களின் முகத்தை முதியோர் நாள்தோறும் காண்பதும் இவ்வழியேதான். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டப் பணியைத் தமிழகத்தில் டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனம் ஏற்றுள்ளது.

ஆகவே, விண்ணப்பத்தின் இறுதி நாளில் இணைப்பு அறுபடுவது இன்று வெறும் தொல்லையன்று. ஓராண்டுக் கல்வியையே இழக்கச் செய்யும் கேடாகவும் அது முடியலாம்.

திசைவியின் பணி

தெருக் கம்பத்திலிருந்து வீட்டிற்குள் வரும் கண்ணாடி இழை முதலில் ஒரு சிறு பெட்டியில் வந்து முடிகிறது. ஓஎன்டி எனப்படும் அப்பெட்டி ஒளிக்குறிகளை மின்குறிகளாக மாற்றுகிறது. அடுத்துள்ள திசைவி, ஒரே இணைப்பைப் பல கருவிகளுக்கும் பகிர்ந்தளித்து, எந்தச் செய்தி எந்தக் கருவிக்கு உரியது என்பதைக் கணந்தோறும் கணித்து அனுப்புகிறது. அச்செய்தியை வானலையாக மாற்றிப் பரப்பும் வைஃபை என்னும் பகுதியும் அதனுள்ளேயே அடங்கியிருக்கும். இணைய நிறுவனங்கள் சில, இம்மூன்று பணிகளையும் ஒரே பெட்டியில் அடக்கித் தருவதும் உண்டு.

இந்த வேறுபாட்டை அறிந்தால் ஒரு பெரும் பயன் உண்டு. இணையம் தடைப்படும்போது பழுது கம்பியிலா, திசைவியிலா, வானலையிலா என்று பகுத்தறிய முடியும். கணிப்பொறி ஒன்றைக் கம்பி வழியாகத் திசைவியுடன் நேரே இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பி வழியில் வேகம் சீராக இருந்து, வைஃபை வழியில் மட்டும் குறைந்தால் குறை வானலையைச் சார்ந்தது. கம்பி வழியிலும் தடைப்பட்டால் அதே கணிப்பொறியை ஓஎன்டி பெட்டியிலேயே இணைத்துச் சோதிக்குமாறு இணைப்பு வழங்குவோரைக் கேட்க வேண்டும். அங்கும் தடைப்படின் குறை வெளியில் உள்ளது. எத்துணை விலையுயர்ந்த திசைவியும் அதனைத் தீர்க்காது. இச்சோதனையைச் செய்யாமல் புதுக் கருவி வாங்குவது நோய்நாடாமல் மருந்து வாங்குவதை ஒக்கும்.

காற்று வழியின் இயல்பு

1971ஆம் ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், தீவுகளில் இருந்த கல்விக்கூடங்களைக் கணிப்பொறியுடன் வானொலி வழியே இணைக்கும் அலோகாநெட் என்னும் அமைப்பை இயக்கினர். பலரும் ஒரே அலைவரிசையைப் பகிரும்போது இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் செய்தியும் சிதையும் என்பதும், அவர்கள் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பதும் அவ்வமைப்பின் அடிப்படை. 1997இல் வெளிவந்த முதல் வைஃபை தரநிலைக்கும் இக்கருத்தே வேராக அமைந்தது. அதன்படி, பேசுமுன் பிறர் பேசுகின்றனரா என்று ஒவ்வொரு கருவியும் செவிமடுத்துக் காத்திருக்கும்.

இதன் விளைவு யாது? ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். திசைவிக்கு அருகில் உள்ள கருவி நொடிக்கு 80 மெகாபிட் வேகத்தில் பேசுவதாகக் கொள்வோம். 100 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை அது 10 நொடிகளில் பெற்றுவிடும். மூன்று சுவர்களுக்கு அப்பால் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் தடுமாறும் கருவிக்கோ அதே கோப்பிற்கு 100 நொடி தேவை. அந்த 100 நொடி அளவுக்கான காற்று வழியும் பிறருக்குக் கிட்டாது. நியாயவிலைக் கடை வரிசையில் முன் நிற்பவர் பையைத் தேடித் தடுமாறினால் பின் நிற்போர் யாவரும் காத்திருப்பதைப் போன்றதே இது. ஆதலால் வீட்டில் ஒரு மூலையில் இணைப்பு நலிந்திருப்பது அம்மூலையின் குறை மட்டுமன்று. வீடு முழுமைக்கும் அது குறையாகும்.

இரு அலைவரிசைகளும் நம் வீட்டுச் சுவர்களும்

வீட்டுத் திசைவிகள் பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் பெரும்பகுதியை அவ்வாறு பயன்படுத்த 2018இலும் மைய அரசு விதி வகுத்தது. முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். பின்னதன் அலைநீளம் 5 முதல் 6 சென்டிமீட்டர். நீண்ட அலை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் அதன் பாதை குறுகியது, நெரிசல் மிக்கது. ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களையே அதில் காணலாம். அண்டை வீட்டுத் திசைவிகள், புளூடூத் கருவிகள், நுண்ணலை அடுப்பு ஆகிய யாவும் அதே வரிசையில்தான் இயங்குகின்றன. குறுகிய அலையோ அகன்ற பாதை உடையது, விரைவானது, எனினும் கனத்த சுவரின் முன் விரைவில் சோர்வது.

ஈண்டு நம் பகுதி வீடுகளின் அமைப்பு நோக்கத்தக்கது. பழைய வீடுகளில் செம்புராங்கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிய கனத்த சுவர்கள் உண்டு. புதிய வீடுகளில் இரும்புக்கம்பி பொதிந்த கான்கிரீட் தளம் உண்டு. இவற்றோடு தகரக் கொட்டகை, இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியனவும் சேரும். உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும். நீர் அதனை உறிஞ்சும். மரச்சட்டத்தில் மெல்லிய பலகை பொருத்திய மேனாட்டு வீடுகளை மனத்திற் கொண்டு எழுதப்படும் பரப்பளவுக் கணக்கு நம் வீடுகளுக்குப் பொருந்தாது என்பது வெளிப்படை. பெட்டியின் மேல் இத்தனை சதுர அடி என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புதல் தகாது.

எனவே தனித்தளமும் நான்கு அறைகளும் உடைய வீட்டிற்கு நல்ல திசைவி ஒன்றே போதும். மாடி வீட்டிற்கோ, முன்கட்டும் பின்கட்டுமாக நீண்ட வீட்டிற்கோ ஒரு பெரிய திசைவியை விட, கம்பியால் இணைத்த இரு சிறிய கருவிகளே சிறந்தவை. கீழ்த்தளத் திசைவியிலிருந்து மாடிக்கு ஒரு கம்பி இழுத்து, அங்கே மற்றொரு கருவியை அணுகுமுனையாக அமைக்கலாம். கம்பி இழுக்க இயலாத இடத்தில் மெஷ் என்னும் கண்ணி அமைப்பை நாடலாம். ரிப்பீட்டர் எனப்படும் மலிவான எதிரொலிப்பான், ஒரே வரிசையில் கேட்டதையே மீண்டும் சொல்வதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

எண்களை எடைபோடுதல்

வைஃபை தரநிலைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துள்ளன. 2009இல் வந்தது நான்காம் தலைமுறை. 2013இல் வந்தது ஐந்தாவது. 2021இல் முறைப்படி ஏற்கப்பட்டது ஆறாவது. ஏழாம் தலைமுறைக் கருவிகளுக்குச் சான்றளிக்கும் பணி 2024 சனவரியில் தொடங்கியது. நெரிசல் மிக்க இல்லத்திற்கு ஆறாம் தலைமுறையின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை. ஒருவரை மட்டும் ஏற்றிச் செல்லும் வாடகை ஊர்தி போல் அன்றி, பலரையும் ஒருசேர ஏற்றிச் செல்லும் பகிர்வு ஆட்டோவைப் போல், பல கருவிகளுக்குரிய சிறு செய்திகளை ஒரே பயணத்தில் கொண்டு சேர்க்கும் முறை அதில் உள்ளது. இப்பயனைப் பெற, கைப்பேசி முதலிய கருவிகளும் அத்தலைமுறையைச் சார்ந்திருத்தல் வேண்டும். ஏழாம் தலைமுறையின் மிக அகன்ற தடங்கள் 6 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு உரியவை. அவ்வரிசையின் கீழ்ப்பகுதியைத் திறந்துவிடும் வரைவு விதிகள் இந்தியாவில் 2025 மே மாதத்தில்தான் வெளியிடப்பட்டன. நடுத்தரக் குடும்பத்திற்கு ஆறாம் தலைமுறைக் கருவியே போதுமானது.

பெட்டியின் மேல் ஏசி1200 என்று எழுதியிருப்பின், 2.4 வரிசையின் 300 மெகாபிட்டையும் 5 வரிசையின் 867 மெகாபிட்டையும் கூட்டிச் சற்றே உயர்த்திச் சொன்ன எண் அது என அறிக. ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான் பெரும்பாலும் பேசும். அதிலும் நடைமுறையில் பாதியளவே கிட்டும். இதனினும் மறைவான ஒரு குறை உண்டு. இத்தகைய மலிவுக் கருவிகள் பலவற்றில் கம்பி செருகும் துளை 100 மெகாபிட் வேகமே உடையது. மாதந்தோறும் 200 மெகாபிட்டிற்குக் கட்டணம் செலுத்துவோர், இத்தகைய கருவியால் அதில் பாதியைக் கூடப் பெற மாட்டார். ஆதலின் துளைகள் யாவும் கிகாபிட் வகையினவா என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

இனி ஓர் இல்லத்தின் மாலை நேரத் தேவையைக் கணக்கிடுவோம். இரு பிள்ளைகளின் இணைய வகுப்பிற்குத் தலா 3 மெகாபிட். உயர்தரத் தொலைக்காட்சிக்கு 15. அயல்நாட்டு உறவினருடன் காணொலி உரையாடலுக்கு 3. வாயிற் கண்காணிப்புக் கருவிக்கு 2. ஏனைய கைப்பேசிகளுக்கு 5. ஆகக் கூடுதல் 31 மெகாபிட். 50 அல்லது 100 மெகாபிட் இணைப்பே இதற்குத் தாராளமாகப் போதும். ஆயினும் உரையாடல் தடைப்படுவது ஏன்? ஒருவருடைய கைப்பேசி அன்றைய படங்களையெல்லாம் மேலேற்றத் தொடங்கினால், வெளிச்செல்லும் வழி அடைபட்டு, மற்றவர் செய்திகள் வரிசையில் தேங்கிவிடுகின்றன. இவ்வரிசையை ஒழுங்குபடுத்தி, உரையாடலுக்கு முதலிடம் தரும் கியூஓஎஸ் என்னும் வசதி உள்ள திசைவியைத் தேர்ந்தெடுப்பது, வேகத்தை இரட்டிப்பாக்குவதினும் பயனுடையது.

மின்சாரமும் வெப்பமும்

நம்பகத்தின் முதற்பகை மின்தடையாகும். திசைவி பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவது. 10 வாட் அளவே மின்சாரம் கொள்வது. கோடை இரவுகளின் குறுந்தடைகளில் அதனைக் காக்கச் சிறு யுபிஎஸ் ஒன்று போதும். திசைவிக்கு மட்டும் காப்பு அளித்து ஓஎன்டி பெட்டியை மறந்துவிட்டால் பயனில்லை. இரண்டிற்கும் சேர்த்தே அளித்தல் வேண்டும். வோல்ட் அளவும் செருகியின் அளவும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். மின்மாற்றிச் செருகியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் இருத்தல் நன்று. இடிமின்னல் நேரத்தில் மின்செருகியையும் செம்புக் கம்பிகளையும் கழற்றிவிடுதல் பாதுகாப்பானது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதனைக் கழற்ற வேண்டுவதில்லை.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்திற்குப் பெரும்பாடம் புகட்டியது. பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. சிற்றூர்கள் பலவற்றிற்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று. கம்பங்களின் வழியே இழையும் செல்லும் இடங்களில் கம்பம் வீழ்ந்தால் இழையும் வீழும். எந்தத் திசைவியும் இப்பேரிடரை வெல்லாது எனினும், கைப்பேசி இணைப்பைத் துணைவழியாக ஏற்கும் வசதி ஒன்றில் இருந்தால், இழை அறுந்து கோபுரம் நிலைத்திருக்கும் நாள்களில் அது கைகொடுக்கும்.

வெப்பம் மற்றொரு பகை. காற்றோட்டமற்ற அலமாரிக்குள்ளும், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னும், வெயில் படும் சன்னலோரத்திலும் வைக்கப்பட்ட திசைவி சித்திரை வெயிலில் சோர்ந்து அடிக்கடி நின்று எழும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், நாற்புறமும் காற்றுப் படுமாறு வைத்தலே முறை. இது காசு செலவின்றிக் கிட்டும் மேம்பாடு.

வீட்டின் நடுவில் வைத்தால் கதிர்வீச்சு கேடு செய்யுமோ எனப் பெரியோர் சிலர் ஐயுறுவர். திசைவியின் அலை ஒளியினும் ஆற்றல் குறைந்த, அயனியாக்காத வகையைச் சார்ந்தது. அதன் வெளியீட்டுத் திறன் சிறியது. தொலைவு கூடக் கூட மேலும் விரைந்து குறைவது. அனுமதிக்கப்பட்ட வரம்பிற்குள் இயங்கும் கருவிகளைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை.

வாயிற்காவல்

தூதனே பகைவனின் ஒற்றனாக மாறுவதும் உண்டு. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே மாறாதிருந்த திசைவிகளையும் ஒளிப்படக் கருவிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரும் இணையத்தளங்களை முடக்கியது. 2017 சூலையில் நம் நாட்டிலும், மாற்றப்படாத கடவுச்சொல்லுடன் இருந்த பிஎஸ்என்எல் பயனாளர்களின் மோடங்கள் ஆயிரக்கணக்கில் தாக்குதலுக்கு உள்ளாயின. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லுடன் இத்தகைய பொருள்களை விற்பதே சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது.

ஆகவே திசைவியை இயக்கும் முதல் நாளிலேயே அதன் மேலாண்மைக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுக. 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 என்னும் காப்புமுறை உள்ள கருவியைத் தேர்க. பழைய கைப்பேசிகளுக்கு டபிள்யூபிஏ2 முறையும் உடன் இருக்கட்டும். விருந்தினர்க்கெனத் தனி வலை அமைத்தால், வந்தோரை முகமலர்ந்து வரவேற்கலாம். வீட்டுக் கணிப்பொறியும் காவலில் இருக்கும். அனைத்தினும் முதன்மையாக, அக்கருவியின் மென்பொருளை உற்பத்தியாளர் தொடர்ந்து புதுப்பிக்கின்றாரா என அவர்தம் இணையத்தளத்தில் நோக்குக. ஈராண்டுகளாகப் புதுப்பிப்பு வராத கருவி, விலை எத்துணை குறைவாயினும் வாங்கத் தக்கதன்று.

தேர்ந்து தெளியும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, வாங்குவோர் பின்பற்றத்தக்க முறை இவ்வாறு அமையும்.

1. பழுது வெளிக்கம்பியிலா வீட்டிற்குள்ளா என்று கம்பிவழிச் சோதனையால் முதலில் அறிக.

2. வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, கனத்த சுவர்களையும், கருவிகள் பயன்படும் இடங்களையும் குறிக்க. ஒரு கருவி போதுமா, இரண்டு வேண்டுமா என்பது அதிலேயே விளங்கும்.

3. இடம்பெயராத கருவிகளான தொலைக்காட்சி, மேசைக் கணிப்பொறி ஆகியவற்றைக் கம்பியால் இணைக்க. அவை காற்று வழியை விட்டு விலகினால் கைப்பேசிகளுக்கு இடம் பெருகும்.

4. இரு அலைவரிசை, ஆறாம் தலைமுறை, கிகாபிட் துளைகள், டபிள்யூபிஏ3, வரிசை ஒழுங்கு, தொடர்ந்த புதுப்பிப்பு ஆகிய ஆறும் உள்ளனவா எனப் பார்க்க.

5. இணைப்பு வழங்குவோரிடம், தம் பெட்டியுடன் வெளித் திசைவியை இணைக்க இசைவரா எனவும், அதற்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருவரா எனவும் முன்னரே கேட்டறிக.

6. உத்தரவாதக் காலத்தையும், அருகில் தஞ்சையிலோ புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ பழுதுபார்க்கும் நிலையம் உண்டா என்பதையும் விசாரித்து, விலைச்சீட்டைப் பேணுக.

7. திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், மாலையில் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், ஒவ்வோர் அறையிலும் நின்று காணொலி உரையாடல் நடத்திச் சோதிக்க. யாரும் இல்லாத நண்பகற் சோதனை உண்மையைக் காட்டாது.

முடிவுரை

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அடுத்தது தெரிந்து வினையாடல். ஆராய்ந்து நம்புதல் முன்னும், நம்பியவரிடம் வினையை ஒப்படைத்தல் பின்னுமாக அமைந்த அவ்வைப்பு முறை, ஆளைத் தேர்வதற்கு மட்டுமன்றிக் கருவியைத் தேர்வதற்கும் ஒக்கும். ஆரவாரமான எண்களையும் எட்டுக்கால் பூச்சி போன்ற ஆன்டெனாக்களையும் கண்டு மயங்காமல், நம் வீட்டுச் சுவரையும் மின்சாரத்தையும் மக்களின் தேவையையும் அளந்து தேர்ந்தெடுத்தால், நடுத்தர விலையுள்ள திசைவியே பல்லாண்டு பணிசெய்யும். இவ்வாய்வை மாணவர்கள் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு வீட்டின் வரைபடத்தை வரைந்து, பாட்டியார் அமர்ந்து அயல்நாட்டுப் பேரனுடன் பேசும் இடத்திலும், தம்பி அமர்ந்து விண்ணப்பம் நிரப்பும் இடத்திலும் இணைப்பு எவ்வாறு உள்ளது என்று குறித்துப் பார்க்கட்டும். புதுத் திசைவி வேண்டுமா, இருக்கும் திசைவியை இடம் மாற்றினால் போதுமா என்பதை அத்தாளே உரைக்கும்.